அம்புரோஸ் துரையின் கடைசி எட்டுப் பக்கம்

முதல் அநீதி ஐம்பத்து மூன்றில் நடந்தது. 'கூலி ஏன் உயர வேண்டும்?' என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காக நான் எழுதிய பதினாறு பக்கப் பிரசுரம் அச்சாகி வந்தது. அட்டையில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அச்சக முதலாளியின் பெயர் இருந்தது. அவர் அப்பா பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

இரண்டாவது ஐம்பத்தேழில். தாலுகா ஆபீஸ் மறியல். கொடி பிடித்தவன் நான், கோஷம் போட்டவன் நான், தொண்டை கட்டி மூன்று நாள் ஊமையாகக் கிடந்தவன் நான். போலீஸ் எழுதிய பட்டியலில் நான் நான்காவது ஆள்.

மூன்றாவது அறுபத்திரண்டில். கடைத்தெருக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினேன். மறுநாள் பேப்பரில் தலைமை வகித்தவர் பெயர் வந்தது, வரவேற்றவர் பெயர் வந்தது, நன்றி சொன்னவர் பெயர் வந்தது. கடைசியில் 'மற்றும் பலரும் பேசினர்' என்று வந்தது. அந்த 'மற்றும் பலர்' நான் ஒருவன்தான், சார். அன்று வேறு யாரும் பேசவே இல்லை.

நான்காவது அறுபத்தாறில். மாநாட்டுப் புகைப்படம். கண்ணாடிச் சட்டம் போடுகிறவன் அளவு சரியாக வரவில்லை என்று ஓரத்தை நறுக்கிவிட்டான். சங்க ஆபீசில் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. வலது ஓரத்தில் உயர்த்திய முஷ்டி ஒன்று மட்டும் தெரியும். அது என் முஷ்டி.

ஐந்தாவது சென்ற தை மாதம். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தக் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இப்படித் தள்ளி உட்காருங்கள். அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. விபத்து கேஸில் சாட்சி என்றுதானே சொன்னீர்கள்? அது மத்தியானத்துக்கு முன்னால் வராது. இங்கே உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் சாட்சிகள்தான். எதையோ பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள். எனக்கும் இன்றைக்குச் சாட்சிகள் வேண்டும். பெரிய வேலை இல்லை. டவாலி அந்தக் கதவண்டை வந்து என் பெயரைக் கூப்பிடுவார். அதைக் காதால் கேட்டால் போதும்.

உங்களுக்கு இந்த வரிசையின் அருமை தெரியாது. கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்பார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி. போலீஸ்காரர் வாயில் ஏ ஒன், ஏ டூ. எங்கள் மாதிரி ஆட்களுக்கு மெடலா உண்டு, பென்ஷனா உண்டு? ஒரு போராட்டத்தில் ஏ ஒன்னாக இருந்தால் அவர்தான் அந்தப் போராட்டம். மற்றவர்கள் எல்லாம் வகையறா.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எல்லோரிடமும் சொல்வதில்லை. என் அப்பா பெயர் தங்கான். பெரியபண்ணையில் நாற்பது வருஷம் வேலை செய்தார். அந்த நாற்பது வருஷத்தில் அவர் பெயரை யாரும் எழுதியதில்லை. பண்ணைக் கணக்கில் 'ஆள் பன்னிரண்டு' என்று எழுதுவார்கள். அந்தப் பன்னிரண்டில் அவர் ஒன்று. போலீஸ் பட்டியலில் மட்டும்தான் சார் எங்களுக்கெல்லாம் அப்பா பெயர் போடுகிறார்கள். தங்கான் மகன் வைரக்கண்ணு. ஒரு மாஜிஸ்டிரேட் உட்கார்ந்திருக்க, வக்கீல்கள் நின்றிருக்க, 'முதல் எதிரி, தங்கான் மகன்' என்று சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பதினேழு வருஷமாகக் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கிடைக்கப்போகிறது.

எப்படி என்று கேட்கிறீர்கள். அதற்கு அம்புரோஸ் துரையைச் சொல்லியாக வேண்டும்.

அம்புரோஸ் மார்வுட் என்று ஓர் ஆங்கிலேய நிலச்சுவான்தார். முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆள். எங்கே படித்தேன் என்றால், ஒரு மாநாட்டுப் பந்தல் வாசலில் கோணிச் சாக்கில் பரப்பி விற்றுக்கொண்டிருந்த முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில். நான் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு. மீதி எல்லாம் இந்த மாதிரிச் சாக்குகளில் படித்ததுதான். துரைக்கு நானூறு ஏக்கர், கல் வீடு, ஆட்டு மந்தை. ராஜா பார்லிமெண்டைக் கேட்காமல் வரி போட்டார். துரை கட்ட முடியாது என்றார். ராஜாவின் ஆட்கள் வந்து அவருடைய குதிரையை லாயத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். துரைக்குக் கோபம் வந்துவிட்டது. குடியானவர்கள் அறுபது பேரைத் திரட்டினார். உடுப்புக்குத் துணி இல்லை. வீட்டு ஜன்னல் திரைகளைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தார். உள்நாட்டுப் போர். துரையின் சொந்த அண்ணன் ராஜா பக்கம். இருபத்து நாலாம் பக்கத்தின் அடியில் துரை பாலத்தின்மேல் நிற்கிறார். எதிர்க்கரையில் அண்ணனும் ராஜாவின் படையும். துரை வாளை உருவுகிறார். தன் குடியானவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்.

என்ன சொன்னார் என்று பக்கத்தைத் திருப்பினால், 'கழிச்சல் கண்ட குஞ்சுகளை உடனே தனியாகப் பிரித்துவிட வேண்டும்.'

பைண்டு பண்ணினவன் கடைசி எட்டுப் பக்கத்துக்குக் கோழி வளர்ப்புப் புத்தகத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டான். ஆகவே துரை கடைசியில் என்ன ஆனார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. கோழிக்கு என்ன பண்ண வேண்டும் என்று தெரியும்.

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். அங்கே இரண்டு பண்ணை. பெரியபண்ணை சட்டநாதன், சின்னப்பண்ணை அகோரமூர்த்தி. பெரியப்பா மகன், சித்தப்பா மகன். பெரியபண்ணையின் வயல் வாய்க்கால் தலைப்பில், சின்னப்பண்ணையின் வயல் கடைமடையில். பெரியவர் மடையை அடைத்தால் சின்னவர் வயலில் நண்டு கூடச் செத்துப்போகும். இதற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று ஊரில் பேச்சு. ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. பங்குனி உற்சவத்தில் குருக்கள் முதல் பரிவட்டத்தைப் பெரியபண்ணைக்குக் கட்டுவார். அகோரமூர்த்திக்கு இரண்டாவது. முப்பது வருஷமாக இரண்டாவது. அந்த மனுஷன் அதை நினைத்து நினைத்து இளைத்தே போனார். ஒரு முழத் துணியை யார் தலையில் முதலில் கட்டுவது என்று ஒருத்தன் வாழ்நாள் முழுக்க வேகிறான் என்றால், அவனை என்ன சொல்வது? நிலப்பிரபுத்துவ புத்தி. எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சென்ற தையில் சம்பா அறுவடைக்குக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. இரண்டு பண்ணையையும் ஒரே நேரத்தில் எதிர்க்க எங்களுக்குத் தெம்பு இல்லை. ஒன்றைப் பிரித்து நம் பக்கம் இழுக்க வேண்டும் என்று நான் யோசனை சொன்னேன். யோசனை என்னுடையது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். துரையின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சின்னப்பண்ணை வீட்டுக்குப் போனேன்.

அகோரமூர்த்தி கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பெயர்தான் அகோரம், ஆள் ஊதினால் பறக்கிற மாதிரி. பின்னால் அவருடைய குடை ஆள் சன்னாசி. அதோ தூணில் சாய்ந்து தூங்குகிறானே, அவன்தான். வீட்டுக்குள்ளும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான்.

"என்னா வைரக்கண்ணு, கூலியா? அண்ணன்கிட்டப் போயி கேளு. முதல் மரியாதை வாங்குறவரு அவருதானே" என்றார்.

"கூலி கேட்க வரலீங்க. ஒரு புத்தகம் கொடுத்துட்டுப் போவலாமுன்னு வந்தேன்."

"நீ புத்தகம் கொடுத்து நான் படிக்கவா?"

"உங்களை மாதிரி ஒருத்தரைப் பத்தினதுங்க."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார். மறுநாள் காலையில் கார் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் அந்த வீட்டில் நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. அவரும் என்னை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் தவித்தார்.

"உக்காரு... ங்க. துரைக்கு நானூறு ஏக்கர்னு போட்டிருக்கே. எல்லாம் நஞ்சையா?"

"மேய்ச்சல் நிலமும் உண்டுங்க."

"அப்ப நம்மதே தேவலாம். அந்த அண்ணன்காரன் தலைப்புல இருந்தானா, கடைமடையிலயா?"

"தலைப்புலதாங்க." புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனால் வேறு எங்கே இருந்திருக்கப்போகிறான்?

"நினைச்சேன்" என்று தொடையில் தட்டினார். "பாலத்துமேல நின்னு என்னா சொன்னாரு? அதுக்கப்புறம் ஒரே கோழியா இருக்கே."

"அது அச்சுப் பிழைங்க. மீதி எட்டுப் பக்கம் எங்கிட்டத் தனியா இருக்கு. பிரதி எடுத்துத் தர்றேன்."

இருக்கிறது என்று ஏன் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இருபத்தைந்தாம் பக்கத்தை எழுதினேன். துரை பாலத்தின்மேல் நின்று, 'என் நிலத்தில் அறுக்கிறவனுக்கு இன்று முதல் அரை மரக்கால் கூட' என்று சொன்னார். இங்கிலாந்தில் மரக்கால் உண்டா என்று யார் போய்ப் பார்த்தது?

அகோரமூர்த்தி படித்தார். அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டு அரை மரக்கால் கூடக் கொடுத்து அறுவடையைத் தொடங்கிவிட்டார். ஜனங்கள் ஆடிப்போய்விட்டார்கள். எழுத்தின் வலிமை, சார். எட்டு வரி எழுதினேன், அறுபது வேலி நிலம் அசைந்தது.

இருபத்தாறாம் பக்கத்தில் துரை சங்கத்தில் சேர்ந்தார். அகோரமூர்த்தியும் சேர்ந்தார். அங்கேதான் தொல்லை ஆரம்பம். கூட்டத்துக்கு வந்தார். நாற்காலி போட்டால் நாங்கள் அவர் காலடியில் உட்கார்ந்த மாதிரி ஆகிறது என்று, "தோழர்கள் எல்லாரும் தரையிலதாங்க" என்றேன். மறு பேச்சு இல்லாமல் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நூற்றைம்பது பேரும் பதறி எழுந்து நின்றுவிட்டார்கள். "உக்காருங்க, உக்காருங்க" என்று அவர் எழுந்தார். இவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் உட்கார்ந்தார், இவர்கள் எழுந்தார்கள். தீர்மானம் நிறைவேற அரை நாள் ஆயிற்று.

பிறகு கொடி. எங்கள் கொடி மில் துணி, இரண்டு மழைக்குச் சாயம் போய் வெற்றிலைப் பாக்குத் துப்பின நிறமாகிவிடும். துரை ஜன்னல் திரையைக் கிழித்தார் அல்லவா? இவரும் கூடத்தில் தொங்கிய சிவப்பு வெல்வெட்டுத் திரைகளை இறக்கிப் பதினெட்டுக் கொடி தைத்துக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் ஜரிகைக் குஞ்சலம். பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "தலைவரு கொடுத்தது" என்றார்கள். யாரைத் தலைவர் என்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னை இல்லை.

இதற்குள் பெரியபண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து, நெல்லைப் பன்னிரண்டு பார வண்டியில் ஏற்றி டவுன் மில்லுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். அந்த நெல் மில்லுக்குப் போய்விட்டால் வேலைநிறுத்தம் தோற்றது. மதகடியில் வண்டிகளை மறிப்பது என்று முடிவு செய்தோம். கைது நிச்சயம். அப்படியென்றால் பட்டியலும் நிச்சயம். யார் முன்னால் நிற்பது?

நான் உட்கார்ந்து இருபத்தேழாம் பக்கத்தை எழுதினேன். என் எழுத்திலேயே சிறந்த பக்கம் என்று சொல்வேன். துரை பாலத்தின் பாதியில் நிற்கிறார். தன் படையில் எளிய உழவன் ஒருவனைப் பார்க்கிறார். படித்தவன், பல வருஷம் போராடியவன், வைரம் போல் ஒளிவிடும் கண்கள். துரை வாளை அவன் கையில் கொடுத்து, 'தலைமை உன்னுடையது, நான் உன் பின்னால்' என்று ஒதுங்குகிறார்.

அகோரமூர்த்தி அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தோழர், துரை இங்கதான் தப்புப் பண்ணிட்டாரு."

"என்னாங்க தப்பு?"

"அத்தனை தூரம் வந்துட்டுக் கடைசி நேரத்துல முன்னால நிக்கிறதை இன்னொருத்தன்கிட்டக் கொடுக்கலாமா? ரெண்டாவதா நிக்கிறது எவ்வளவு வேதனைன்னு அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். நான் அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன்."

எவ்வளவு அற்பம் பாருங்கள். ஒரு மனுஷனுக்குப் போராட்டத்தின் மையத்தில் நிற்கும்போது இப்படி ஒரு எண்ணம் வருமா?

மறியல் நாள். காலை பத்து மணி. மதகின்மேல் நூற்றைம்பது பேர். நான் முன்னால் நின்றேன். அகோரமூர்த்தி காரில் வந்து இறங்கினார். குடைக்கு ஓர் ஆள், வெந்நீர் பிளாஸ்க்குக்கு ஓர் ஆள், காருக்கு ஓர் ஆள். வந்தவர் எனக்கு ஓரடி முன்னால் போய் நின்றார். நான் அவருக்கு ஓரடி முன்னால் போனேன். அவர் ஒரு செருமல் செருமிவிட்டு இன்னும் ஓரடி போனார். நானும் விடவில்லை. ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, நேரே பார்த்தபடி ஒவ்வோரடியாகப் போனோம். போலீஸ்காரர்களைத் தாண்டினோம். சாலை திரும்பும் இடத்தைத் தாண்டினோம். எதிரே தூசி வந்தது. பன்னிரண்டு வண்டியும் மணி குலுங்க எங்கள் இருவரையும் தாண்டிப் போயின. நாங்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். முதல் வண்டிக்காரன், "என்னாங்க தலைவரே, மறியல் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நாங்கள் ஓட்டமாகத் திரும்பி வந்தபோது வண்டிகள் நின்றிருந்தன. என்ன நடந்தது என்றால், இந்தச் சன்னாசி இருக்கிறானே, தன் அய்யா எங்கே போனார் என்று தெரியாமல் மதகின் நடுவில் நின்றிருக்கிறான். முதல் வண்டி வந்திருக்கிறது. வண்டிக்காரன் சாட்டையை ஓங்கிக்கொண்டு, "வெலகுறா" என்று கத்தியிருக்கிறான். ஜனங்களில் பாதி விலகியும் விட்டார்கள். இவன் அந்தப் பெரிய கறுப்புக் குடையை மாடுகளின் மூக்குக்கு நேரே படார் என்று விரித்திருக்கிறான். மாடு ரெண்டும் மிரண்டு முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டன. சாட்டை இவன் தோளில் விழுந்திருக்கிறது. "எறங்குறா கீழ. வண்டி போவாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டானாம். அதைப் பார்த்து மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள் ஊரில். நான் என்ன சொல்கிறேன் என்றால், அன்றைக்கு வெயில். வெயிலுக்குக் குடை விரித்திருப்பான். அவனுக்கு ஒரு பிரசுரம் படிக்கத் தெரியுமா? துரை யார் என்று தெரியுமா? வர்க்க உணர்வு இல்லாமல் ஒருவன் மாட்டை நிறுத்தினால் அதை மாடு நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏட்டு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். அகோரமூர்த்தியைப் பார்த்து எழுந்து, "அய்யா இப்படி நிழல்ல நில்லுங்க. அய்யா பேரைத்தான் முதல்ல போடணும்" என்றார். ஏ ஒன் அகோரமூர்த்தி. அப்புறம், "அய்யாகூட வந்தவங்க?" என்று கேட்டார். ஏ டூ குடை. ஏ த்ரீ பிளாஸ்க். ஏ ஃபோர் டிரைவர், அவன் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. ஏ ஃபைவ் நான்.

"ஏட்டய்யா, இது அநியாயம்" என்றேன்.

"யோவ் வைரக்கண்ணு, அம்பத்தேழுல நாலாவதா எழுதினேன்னு சண்டை போட்ட. இப்ப அஞ்சுக்கும் சண்டையா? எத்தனாவதா இருந்தாலும் உள்ள அதே சோறுதான்யா."

"பேரை மாத்துங்க, நான் கைதாகிறேன். மாத்தலேன்னா ஆக மாட்டேன்."

"ஆவாட்டிப் போ. உன்னை எடுத்துட்டு ஆறாவது ஆளை அஞ்சாவதாப் போட்டுக்கிறேன்."

ஓடிப்போய் நானே வேனில் ஏறிக்கொண்டேன். வழக்குக்கு 'அகோரமூர்த்தி வகையறா' என்று பெயராயிற்று. இதுதான் ஐந்தாவது அநீதி.

கூலியா? கிடைத்தது, கிடைத்தது. எங்களை ஏற்றிப் போன பிறகும் மீதி ஜனங்கள் எழுந்திருக்கவில்லை, வண்டிகள் நாலு நாள் மதகிலேயே நின்றன, மேகம் மூட்டியது, பெரியபண்ணை பயந்துபோய் அரை மரக்கால் கொடுத்துவிட்டார். இரண்டு பண்ணையிலும் இப்போது அதுதான் கூலி. அதை விடுங்கள். அது வேறு விஷயம். நான் சொல்லவந்தது பட்டியலைப் பற்றி.

பதினைந்து நாள் உள்ளே இருந்தோம். அகோரமூர்த்திக்குக் கட்டிலும் முட்டையும். எங்களுக்குக் களி. ஆனாலும் தினம் எங்கள் கொட்டடிப் பக்கம் வந்து, "தோழர், மீதிப் பக்கம்?" என்பார். எனக்கு வயிறு எரிந்தது. எழுதித் தள்ளிவிட்டேன். இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒரே மூச்சில். இந்த ஆளைக் கூசிக் குறுக வைக்க வேண்டும் என்று எழுதினேன். துரைக்குத் தைரியம் போய்விடுகிறது. அண்ணன் காலில் விழுகிறார். ராஜாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். ராஜா மனமிரங்கித் தன் தொப்பியைக் கழற்றித் துரையின் தலையில் வைக்கிறார். மாதா கோயிலில் முதல் வரிசையில் இடம். தொண்ணூறு வயசு வரை வாழ்ந்து, முழு வாத்து ஒன்றைத் தின்றுவிட்டு, தூக்கத்தில் உயிரை விடுகிறார். அவர் குடியானவர்கள் ஒருவர் பெயரும் சரித்திரத்தில் இல்லை. முற்றும்.

இதைவிடக் கேவலமாக ஒருவனை எழுத முடியுமா? அகோரமூர்த்தி நின்ற இடத்திலேயே படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா முடிஞ்சிருக்கு, தோழர்" என்றார்.

வெளியே வந்த எட்டாம் நாள் பெரியபண்ணை வீட்டுக்குப் போய் அண்ணன் காலைத் தொட்டுவிட்டார். மடை திறந்தது. பங்குனி உற்சவத்தில் பெரியவரே தன் தலைப் பரிவட்டத்தை அவிழ்த்துச் சின்னவர் தலையில் கட்டினார். ஊரே அழுதது. நான் போகவில்லை, எனக்குத் தலைவலி. அகோரமூர்த்தி சங்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். கூடவே நோட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் பென்சிலால், 'துரையின் வரலாறு அருமை. கோழிப் பகுதியும் உபயோகமாக இருந்தது' என்று எழுதியிருந்தார்.

அப்புறம்தான் சார் எனக்கு விடிவு. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டால் காகிதம் தானாக நகரும். போலீசார் வழக்கை மறுபடி விசாரித்ததாகச் சொல்லி, அகோரமூர்த்தி அந்த வழியாகக் காரில் போன வழிப்போக்கர் என்று எழுதி, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சென்ற வாரம் எங்கள் வக்கீல் கூப்பிட்டனுப்பினார். "வைரக்கண்ணு, ஏ ஒன்னைத் தூக்கிட்டாங்க. நம்பரெல்லாம் மாத்திப் புது குற்றப்பத்திரிகை போட்டிருக்காங்க. முதல் எதிரி இப்ப வேற ஆளு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டாங்க, பதினேழு வருஷம் காத்திருந்தவன், இதை நான் கோர்ட்டுலயே கேட்டுக்கிறேன்" என்று வந்துவிட்டேன். அகோரமூர்த்தி போனால் அந்த இடத்துக்கு யார்? யோசித்துப் பாருங்கள். யோசனை யாருடையது? எழுத்து யாருடையது? நீதி தாமதமாகும், ஆனால் வரிசை தவறாது.

சட்டையைப் பார்த்தீர்களா? புதுசு. துண்டும் புதுசு. அப்பா படம் இல்லை, எடுத்ததே இல்லை. இருந்திருந்தால் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

என்னடா சன்னாசி, எழுந்துட்டியா?

"அண்ணே, கூப்புடுறப்ப நான் என்னா சொல்லணும்?"

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் உள்ளே போய்க் கூண்டில் ஏறுவேன். எனக்குப் பின்னால் பேசாமல் வந்து நில். கேட்டால் வகையறா என்று சொல்.

"சரிண்ணே. குடையை உள்ள கொண்டாரலாமா?"

விடமாட்டார்கள். இங்கேயே தூணில் சாத்திவிட்டு வா. வாங்குகிற அடி மட்டும் இவனுக்குத் தெரியும் சார், வேறு ஒன்றும் தெரியாது. நல்லவன்தான். இவன் அப்பனும் பெரியபண்ணையில்தான் இருந்தான், என் அப்பாகூட. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தன்.

இருங்கள். கதவு திறக்கிறது. டவாலி. கையில் காகிதம். எல்லோரும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். ஐயா, விபத்து கேஸ் ஐயா, நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள். அம்மா, பாகப்பிரிவினை கேஸ் அம்மா, நீங்களும். நீங்கள் எல்லோரும் சாட்சி. நன்றாகக் காது கொடுங்கள். இப்போது சொல்வார்.

"முதல் எதிரி, முத்தான் மகன் சன்னாசி! சன்னாசி! சன்னாசி!"